வீட்டைச் சுற்றிக் காணும் புழுக்களும் அவற்றின் பிறப்பிடத்தை அறியும் முறையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவ மழை பெய்து ஓய்ந்த சில தினங்களுக்குள், மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் பல வீடுகளில் ஓர் உபத்திரவம் தோன்றுவதுண்டு. விடியற்காலையில் அடுப்பங்கரைச் சுவரோரத்திலும், திண்ணையின் அடியிலும், நெல் மூட்டைகளின் கீழும் வெண்மையான சிறு புழுக்கள் ஊர்ந்து கொண்டிருக்கும். வீட்டார் அவற்றைப் பெருக்கித் தள்ளுவார்கள். மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும் புழுக்கள் காணப்படும். சுவரிலோ தரையிலோ அழுகிய பொருள் ஒன்றும் இராது. எங்கிருந்து வருகின்றன என்பது விளங்காமையால் சிலர் மழையோடு புழு இறங்கியது என்பர். சிலர் கண்ணேறு என்றும் செய்வினை என்றும் அஞ்சிப் பரிகாரத்திற்குப் பொருளைச் செலவிடுவர். வேறு சிலர் பக்கத்து வீட்டுக்காரர் மீது பழி கூறிப் பகையை வளர்த்துக் கொள்வர். இவை எல்லாவற்றிலும் கேடானது, வயலுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தை வீட்டிற்குள் தெளித்து விடுவது. குழந்தைகள் தவழும் தரையிலும், தானியம் வைக்கும் அறையிலும் தெளிக்கப்பட்ட அம்மருந்து புழுவைவிடப் பல மடங்கு தீமை செய்வது.

இவ்வுபத்திரவத்தின் காரணம் அறிய முடியாததன்று. ஒரு விஷயத்தை மாத்திரம் மனத்தில் கொண்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரே நாளில் அதைக் கண்டுபிடித்து விடலாம். அதாவது, புழு காணப்படும் இடம் அது பிறந்த இடமன்று. சுவரோரத்தில் ஊர்வது, வேறோர் ஈரமான இடத்தில் தின்று வளர்ந்து முடிந்து, கூடு கட்டுவதற்கு உலர்ந்த இருட்டிடம் தேடிப் புறப்பட்ட புழுவாகும்.

புழு தானே உண்டாவதில்லை

அழுகிய பொருளிலிருந்து புழு தானாகவே தோன்றுகிறது என்ற எண்ணம் உலகெங்கும் நெடுங்காலம் இருந்தது. இத்தாலி தேசத்து வைத்தியரான பிரான்செஸ்கோ ரெடி என்பவர் 1668-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் இவ்வெண்ணம் தவறென்று மெய்ப்பித்தார். அவர் இறைச்சித் துண்டுகளைப் பல ஜாடிகளில் இட்டுச் சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார். திறந்தவற்றில் ஈக்கள் புகுந்தன, புழுக்கள் உண்டாயின. மூடியவற்றில் இறைச்சி அழுகியதேயன்றிப் புழு உண்டாகவில்லை. காற்றுப் புகும்படி மெல்லிய துணியால் வாயைக் கட்டிய ஜாடிகளிலும் இறைச்சியில் புழு தோன்றவில்லை. ஈக்கள் துணியைத்தான் மொய்த்தன. ஆகவே ஒவ்வொரு புழுவும் ஓர் ஈயின் முட்டையிலிருந்து வந்ததே. ஈ முட்டையிடுவதற்கு ஈரமும் அழுகலும் உள்ள பொருள் ஒன்று எங்கேனும் இருந்தே தீர வேண்டும்.

ஈயின் வாழ்க்கை வரலாறு

சாதாரண வீட்டு ஈ ஒரு முறைக்கு 100 முதல் 150 வரை முட்டைகளை இடும். தன் ஆயுளில் பல முறை இவ்வாறு இடக்கூடியது. சாணம், கோழி எச்சம், அடுப்பங்கரைக் கழிவு, புளித்த கழுநீர், ஈரமான தவிடு, புண்ணாக்கு முதலியவை அதற்கு உகந்தவை. மதுரைப் பக்கத்து வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து விடும். புழு நான்கைந்து தினங்கள் தின்று வளரும். பின்னர் உணவை விட்டு அகன்று, உலர்ந்த மண்ணிலோ சந்துகளிலோ புகுந்து, கோதுமை மணியைப் போன்ற பழுப்பு நிறக் கூடாக மாறும். மேலும் நான்கைந்து தினங்களில் கூட்டிலிருந்து ஈ வெளிவரும். முட்டை முதல் ஈ வரை எல்லாம் சுமார் 8 முதல் 10 தினங்களில் முடிந்து விடுகிறது.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது, புழு உணவை விட்டு அகலும் அந்த ஓர் இரவுதான். அதுவரையில் ஈரத்தை நாடிய புழு அதன் பின் ஈரத்தை வெறுத்து ஓடுகிறது. அவ்வாறு ஊர்ந்து 50 அடி வரையிலும் செல்லக் கூடியது. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த ஹச்சிசன் என்பவர் இவ்வழக்கத்தை ஆராய்ந்து 1914-இல் ஒரு வெளியீட்டில் விவரித்தார். சாணக் குவியலைப் பலகைச் சட்டத்தின் மேல் வைத்து, கீழே ஜலத் தொட்டி அமைத்தால், முதிர்ந்த புழுக்கள் தாமே புறப்பட்டு வந்து ஜலத்தில் விழுந்து மடிகின்றன என்று அவர் காட்டினார்.

மழைக்குப் பின் புழுக்கள் வீட்டிற்குள் மிகுதியாகக் காணப்படுவதன் காரணமும் இதனால் விளங்கும். எருக்குழியும் கொல்லையும் நனைந்து போகையில், முதிர்ந்த புழுவுக்குச் சுற்றிலும் உலர்ந்த இடம் இல்லை. வீட்டுத் தரையும் சுவரடியுமே உலர்ந்துள்ளன. ஆகையால் அவை வீட்டை நாடுகின்றன.

முதலில் எவ்வகைப் புழு என்று அறிதல்

வீட்டில் காணும் புழுக்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. பரிகாரம் செய்யுமுன் சில புழுக்களை ஒரு வெள்ளைத் தட்டில் இட்டுப் பார்ப்பது அவசியம்.

(1) காலில்லாமல் வெண்மையாக, ஒரு நுனி கூர்மையாகவும் மறு நுனி மழுங்கியும், மழுங்கிய நுனியில் இரண்டு கரும் புள்ளிகளோடும் இருப்பது ஈயின் புழு. இக்கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியதே.

(2) உடலைவிட நீண்ட வால் ஒன்றுடன் சாக்கடையிலும், சாண எரிவாயுக் கலனின் கழிவுக் குழியிலும் காணப்படுவது மற்றோர் ஈயினத்தின் புழு. அவ்வால் நீர்மட்டத்திற்கு மேல் நீட்டி மூச்சு விடுவதற்கான குழாய். இது கடிப்பதில்லை, பயிருக்கும் தீங்கு செய்வதில்லை. நீர் தேங்கி நாறுகிறது என்பதற்கு இது அறிகுறி.

(3) தட்டையாக, கெட்டியான தோலுடன், பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக மக்குக் குழியில் நெளிவது போர்வீரன் ஈ எனப்படும் இனத்தின் புழு. இது கழிவை விரைவில் தின்று மக்கச் செய்யும். அதை அழிக்க வேண்டியதில்லை.

(4) பருத்து, வளைந்து, பழுப்புத் தலையும் ஆறு கால்களும் உடையதாய் எருக்குழியில் காணப்படுவது வண்டின் புழு. தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழியிலேயே பெருகுகிறது. சோழவந்தான் முதலிய தென்னந்தோப்புப் பகுதிகளில் இதைக் கண்டவுடன் பொறுக்கி அழிக்க வேண்டும்.

(5) தலையும் கால்களும் உடைய மெல்லிய புழு சுவரில் மேல் நோக்கி ஏறினால் அது அரிசி அந்தின் புழுவாக இருக்கலாம். அரிசியிலும் தவிட்டிலும் நூலாம்படை போன்ற பின்னல் இருந்தால் சந்தேகமில்லை. தானியத்தைச் சலித்து, வெயிலில் உலர்த்தி, பாத்திரத்தைத் துடைத்து வைத்தால் நீங்கும்.

(6) மாங்காய்ப் பருவத்தில் பழக்கூடையின் அருகில் காணப்பட்டு, தொட்டால் உடலை வளைத்துத் துள்ளுவது பழ ஈயின் புழு. அழகர்கோவில், நத்தம் மலையடித் தோப்புகளிலிருந்து பழம் வரும் வீடுகளில் இது தோன்றக் கூடும். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது தோப்பிற்கும் நல்லது, வீட்டிற்கும் நல்லது.

பல கால்களுடன் சுருண்டு கொள்ளும் ரயில்பூச்சி மழைக் காலத்தில் வீட்டிற்குள் வருவதுண்டு. அது இவ்வகையைச் சேர்ந்ததன்று. பெருக்கித் தள்ளினால் போதும்.

ஈயின் புழுதான் என்று அறிந்த பின், எந்த ஈயின் புழு என்றும் சுலபமாக அறியலாம். வாய் அகன்ற சீசாவில் இரண்டு அங்குலம் உலர்ந்த மணல் இட்டு, பத்துப் பதினைந்து புழுக்களை விட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைக்க வேண்டும். ஒரு வாரம் சென்றபின் ஈக்கள் வெளிவரும். முதுகில் நான்கு கரும் கோடுகளுள்ள சாம்பல் நிற ஈயானால் பிறப்பிடம் சாணம் அல்லது சமையல் கழிவு. செந்நிறக் கண்களும் மினுமினுக்கும் நீலப் பச்சை உடலும் உள்ள பெரிய ஈயானால் செத்த பிராணி, மீன் கழிவு அல்லது கழிப்பிடக் குழி. வயிற்றில் சதுரங்கக் கட்டங்கள் போன்ற அடையாளமுள்ள சாம்பல் நிறப் பெரிய ஈயானால் பெரும்பாலும் செத்த பிராணியே. இவ்வினம் முட்டையிடாமல் உயிருள்ள புழுவையே ஈனுவதால் சில மணி நேரத்திலேயே மாமிசத்தில் புழு காணப்படும்.

பிறப்பிடத்தைத் தேடும் முறை

இதற்கு இரண்டு அளவுகள் போதும்: ஐம்பது அடி, ஏழு நாள். புழு கண்ட இடத்திலிருந்து 50 அடிக்குள் ஈரமான அழுகற் பொருள் எது என்றும், புழு கண்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் வீட்டில் புதிதாக நிகழ்ந்தது என்ன என்றும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

புழு எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அறிய, இரவு எட்டு மணிக்குமேல் விளக்குடன் பார்ப்பது நலம். புழுக்கள் வெளிச்சத்தை வெறுப்பவை. ஆகையால் இருட்டில்தான் புறப்படும். சுவரோரமாகச் சாம்பலை மெல்லிய வரிசையாகத் தூவி வைத்தால் காலையில் அவை கடந்த தடம் தெரியும். பின் அத்தடத்தைப் பின்பற்றி அடியிற்கண்ட இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

(அ) கூரை. புழுக்கள் மேலிருந்து விழுந்தால் ஓட்டுக்கும் பலகைக்கும் இடையில் எலி, அணில், பல்லி அல்லது பறவைக் குஞ்சு செத்துக் கிடக்கிறது என்று கொள்ளலாம். ஏழு நாட்களுக்குள் எலி மருந்து வைத்ததுண்டா என்று வீட்டாரைக் கேட்க வேண்டும். காரணம் தெரியாத புழு என்று அஞ்சப்படுபவற்றில் இது முக்கியமானது. மருந்து தின்ற எலி எட்டாத சந்தில் சென்று மடிகிறது. நாற்றம் தெரியுமுன் ஈ அறிந்து விடுகிறது. நான்கைந்து தினங்களில் புழுக்கள் கீழே விழுகின்றன.

(ஆ) கழுநீர்த் தொட்டி. மாட்டுக்குக் கழுநீரும் புண்ணாக்கும் தவிடும் கலக்கும் தொட்டியின் அடியிலும் வெளிப்புறத்திலும் ஒட்டிய புளிப்பில் புழுக்கள் திரளாக இருக்கக் கூடும். தொட்டியின் உள்ளே சுத்தமாக இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

(இ) தொழுவம். மூத்திரம் தேங்கும் குழி, தரைக் கற்களின் இடுக்கு, மாடு மிதித்து ஈரமான வைக்கோல் ஆகியவை. தரையின் மேல் சாணம் இல்லாவிடினும் இடுக்கிலுள்ள கைப்பிடிச் சாணம் நூற்றுக்கணக்கான புழுக்களை வளர்க்கப் போதுமானது.

(ஈ) எருக்குழியும் கோழி எரு மூட்டைகளும். மல்லிகைக்கும் காய்கறிக்கும் இடுவதற்காக வாங்கிய கோழி எரு கொல்லையில் நனைந்து கிடந்தால் வீட்டு ஈ மிகுதியாகப் பெருகும். நாமக்கல் வட்டாரத்துப் பெரிய கோழிப் பண்ணைகளில் ஈ ஒழிப்பின் முதல் விதி எச்சத்தை உலர்வாக வைப்பதும் தண்ணீர்க் குழாய்க் கசிவை அடைப்பதுமே. வீட்டிற்கும் அவ்விதியே பொருந்தும்.

(உ) ஜலதாரையும் மலக்குழியும். மூடியில் வெடிப்பு இருந்தாலும், காற்றுக் குழாயின் வாயில் கம்பி வலை இல்லாவிட்டாலும் ஈ புகுந்து முட்டையிடும். புழு வெடிப்பின் வழியே வெளிவரும்.

(ஊ) வீட்டுப் பிராணிகளின் உடல். கன்றின் தொப்புள், ஆட்டின் புண், நாயின் காது ஆகியவை. இதைப் பற்றிப் பின்னர் தனியே கூறப்படும்.

பிறப்பிடம் ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்தி விடலாகாது. பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்கள் இருக்கும்.

நிவாரணம்

செத்த பிராணியானால் கையுறை அணிந்தோ கையில் நெகிழிப் பையைச் சுற்றியோ எடுத்து, கிணற்றுக்குத் தொலைவில் இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். மருந்து தின்று செத்த எலியை வெளியே எறிந்தால் அதைத் தின்னும் நாய், பூனை, ஆந்தை ஆகியவற்றுக்கும் தீங்கு நேரக் கூடும். வீட்டிற்குள் எலி மருந்தைத் தவிர்த்துக் கம்பிக் கூண்டு வைப்பதே நல்லது. செத்த பிராணியில் வளர்ந்த புழுக்களைக் கோழிகள் தின்ன விடலாகாது. அவற்றிலுள்ள நச்சினால் கோழியின் கழுத்து தளர்ந்து மடிவதுண்டு.

கண்ட புழுக்களையெல்லாம் பெருக்கிக் கொதிநீர் ஊற்றிக் கொல்லலாம். கூடுகள் சுவரடி மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்தில் இருக்கும். அம்மண்ணைச் சுரண்டி எடுத்து வெயிலில் பரப்ப வேண்டும். மண்ணெண்ணெய் தெளிப்பது தீ விபத்துக்கு இடமாகும். பிளீச்சிங் தூளை மலக்குழியில் மிகுதியாகக் கொட்டினால் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அத்தூளை அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு எழும், ஒருபோதும் கலக்கலாகாது.

சாணத்தைப் பொறுத்தவரையில், ஈயின் பெருக்கத்தைத் தடுக்க மருந்து தேவையில்லை. நாள் கணக்கே போதும். புழு வளர்ந்து முடிய நான்கைந்து தினங்கள் வேண்டுமாதலால், தொழுவமும் தொட்டியும் வாரத்தில் இரண்டு முறை இடுக்கு விடாமல் சுத்தம் செய்யப்படுமாயின் எந்தப் புழுவும் முதிர்ச்சி அடைய முடியாது. தினமும் எடுக்கும் சாணத்தை எருவாகச் சேர்ப்பவர்கள் அதைக் குழியில் இட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தி, மேலே மூன்று அங்குலம் மண் இட்டு மெழுக வேண்டும். தளர்வான மண்ணைத் துளைத்துக் கொண்டு ஈ வெளிவந்து விடும். ஆகையால் மண்ணையும் அழுத்த வேண்டும்.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்பவர் இந்தூரில் வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்ட மக்கு எரு முறை இவ்விஷயத்தில் பெரிதும் உதவும். நன்றாக அமைந்த குவியலின் உட்புறம் 55 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் வரை சூடாகிறது. அச்சூட்டில் முட்டையும் புழுவும் பிழைப்பதில்லை. குளிர்ந்த மேல் ஓட்டில்தான் அவை வாழ முடியும். ஆகவே குவியலைப் புரட்டும்போது மேலுள்ளதை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். இதனால் எருவும் உயர்ந்ததாகிறது.

மாடுகள் பல வைத்திருப்பவர்கள் ஹச்சிசன் காட்டிய வழியைச் சிறு செலவில் பின்பற்றலாம். ஓரடி உயரமான மண் மேடையைக் கெட்டித்து, சுற்றிலும் அரை அடி அகலத்தில் சிமிட்டிக் கால்வாய் அமைத்து, மூன்று அங்குலம் ஜலம் நிறுத்த வேண்டும். மேடையின் மேல் எருவைக் குவித்தால் முதிர்ந்த புழுக்கள் இரவில் புறப்பட்டு ஜலத்தில் விழும். கால்வாய் ஜலத்தை மூன்று நாட்களுக்கு ஒரு முறை இறைத்து எருவின் மேலேயே ஊற்றி விட வேண்டும். தேங்க விட்டால் கொசு பெருகும். மேடை வீட்டிலிருந்து நூறு அடிக்குக் குறையாத தூரத்தில் இருப்பது நலம்.

பூச்சி மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. டி.டி.டி. வந்த புதிதில் ஈ ஒழிந்து விடும் என்று உலகம் நம்பியது. ஆனால் 1946-லேயே ஸ்வீடன் தேசத்தில் அதற்குச் சாகாத வீட்டு ஈக்கள் காணப்பட்டன. இந்தியாவில் 1989-இல் விவசாயத்திற்கு அது தடை செய்யப்பட்டது. பிறப்பிடத்தை விட்டு வைத்து மருந்து தெளிப்பவர், மருந்துக்குச் சாகாத ஈயையே வளர்க்கிறார். வயலுக்குரிய மருந்தைத் தொழுவத்திலோ வீட்டிலோ தெளிப்பது கறவை மாட்டின் பாலிலும் குழந்தையின் உடலிலும் நஞ்சு சேர்வதற்கு வழியாகும்.

கன்றின் தொப்புளும் ஆறாத புண்ணும்

தொழுவத்தின் தரையில் புழு காணப்பட்டு, சாணத்தில் ஒன்றும் இல்லையானால், தாமதமின்றி மாடு கன்றுகளின் உடலைப் பார்க்க வேண்டும். கிரைசோமையா பெசியானா என்னும் நீலப் பச்சை ஈ அழுகலை நாடுவதில்லை. உயிருள்ள பிராணியின் புண்ணோரத்தில் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். புழுக்கள் ஒரு நாளில் பொரிந்து உயிருள்ள சதையைக் குடைந்து தின்று, ஐந்தாறு தினங்களில் முதிர்ந்து தரையில் விழும். தரையில் விழுந்தவற்றைக் காணும்போது புண் ஏற்கெனவே ஆழமாகி இருக்கும். இந்தியாவில் மனிதர், கால்நடைகளின் புண்களில் புழு வைப்பது இந்த ஈயே என்று பட்டன் என்னும் பூச்சியியலார் 1920-இல் எழுதினார். அவர் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பணியாற்றியவர்.

பிறந்த கன்றின் தொப்புளே இந்த ஈக்கு எளிதில் அகப்படுவது. கன்று பிறந்தவுடன் தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவி, உலரும் வரை தினமும் பார்த்து வருபவர் கன்றை இழப்பதில்லை. கொம்பு சீவிய இடம், மூக்கணாங்கயிறு குத்திய இடம், நுகத்தடி உராய்ந்த கழுத்து, உண்ணி கடித்த இடம் ஆகியவற்றையும் அவ்வாறே கவனிக்க வேண்டும். புழு வைத்து விட்டால் முதல் நாளில் சீத்தாப்பழ இலையை அரைத்தோ, கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயையோ இட்டுப் புழுக்களை வெளியேற்றி, சாமணத்தால் பொறுக்கி எடுக்க வேண்டும். அதன் பின் வேப்பிலை, குப்பைமேனி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் புண் ஆறும் வரை தடவலாம். புண் ஆழமாயினும், தொப்புளாயினும், கண் அல்லது காதின் அருகாயினும் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. எடுத்த புழுக்களைத் தரையில் விடாமல் கொதிநீரில் இட வேண்டும்.

படுக்கையிலிருக்கும் முதியோரின் புண்ணிலும், நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய காலிலும் புழு வைப்பதுண்டு. படுக்கைக்குக் கீழே ஒரு புழு கண்டாலும் அவர்கள் உடலைப் பார்க்க வேண்டும். இதை வெட்கமாகக் கருதி மறைப்பவர்கள் உண்டு. மறைப்பதனால் கால் போவதும் உயிர் போவதும் நேரக் கூடும். கை வைத்தியம் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே கடமை.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

ஈக்கு வேலி தெரியாது. ஒரு தெருவில் பத்து வீடுகள் சுத்தமாக இருந்து, பதினோராவது வீட்டின் எருக்குழி நனைந்து கிடந்தால் பதினோரு வீட்டுச் சோற்றிலும் ஈ உட்காரும். சாணத்திலும் மலத்திலும் உட்கார்ந்த ஈ வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் காலில் ஏந்தி வருகிறது. இதனால் முதலில் துன்பப்படுவது சிறு குழந்தைகளே. ஆகவே புழுவைப் பற்றிய புகார் வரும்போது அதை அண்டை வீட்டார் சண்டை என்று தள்ளி விடலாகாது. இரு தரப்பாரையும் அழைத்து, மேலே கூறிய ஐம்பது அடி அளவில் நேரில் பார்த்துப் பிறப்பிடத்தைக் காட்டி விட்டால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே தீர்ந்து விடும்.

பருவ மழைக்கு முன், புரட்டாசி மாதத்திலேயே, தெருவோரத்து எருக்குவியல்களை வயலுக்கு அப்புறப்படுத்தச் செய்வதும், செத்த கால்நடைகளைப் புதைக்க நீர்நிலைகளுக்குத் தொலைவில் ஓர் இடத்தை ஒதுக்குவதும், பொது ஜலதாரைகளைத் தூர் எடுப்பதும் ஊராட்சியின் பொறுப்பில் நடக்கத் தக்கவை. இறந்த மாட்டை ஆறடிக் குழியில் சுண்ணாம்பு இட்டு அன்றே புதைக்க வேண்டும்; கண்மாய்க் கரையில் இழுத்துப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும். நயமாகச் சொல்லியும் கேளாதவர் விஷயத்தில், தமிழ்நாட்டில் இன்றும் அமலிலுள்ள 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் சுகாதார அதிகாரிகளுக்கு நடவடிக்கை எடுக்க இடமளிக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டுமுன் எருவின் மதிப்பைக் காட்டுவது பயன் தரும். மழையில் கரைந்து, புழு தின்று, தெருவில் ஓடும் சாணம் குடியானவரின் சொந்த வயலுக்குச் சேர வேண்டிய உரம். அதை மூடி மக்க வைப்பவருக்கு வீட்டில் புழுவும் இல்லை, வயலில் நஷ்டமும் இல்லை.

புழுவின் இனத்தை அறிய இயலாதவர்கள், சீசாவில் புழுவும் அது தின்ற பொருளில் சிறிதும் இட்டு, கண்ட இடத்தையும் தேதியையும் எழுதி, அருகிலுள்ள விவசாய அலுவலகத்திலோ, மதுரை யானைமலை அடிவாரத்தில் 1965-இல் தொடங்கப்பட்ட விவசாயக் கல்லூரியின் பூச்சியியல் பகுதியிலோ காட்டிக் கேட்கலாம். கன்றுகள் ஈனும் காலத்தில் வீட்டிலிருப்போர் ஒருவர் தினமும் காலையில் கன்றின் தொப்புளையும் தொட்டியின் அடியையும் பார்த்து வருவதை வழக்கமாகக் கொள்ள வேண்டும்.